கர்மேலிச் பெயரில் ஒரு மேஜை

ஸ்ப்ளிட் நகரத்தில் எந்த ஹோட்டலில் நன்றாகச் சாப்பிடலாம், எங்கே போனால் வாயைக் கெடுத்துக்கொள்வோம் என்று வாரா வாரம் செய்தித்தாளில் எழுதுகிறவள் மிரெலா. இது அவள் வீட்டாருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கட்டுரைக்குக் கீழே பெயர் இருக்காது, படமும் இருக்காது. யாராவது விசாரித்தால் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன் என்பாள். சமையற்காரருக்கு ஆளைத் தெரிந்துவிட்டால் பெரிய இறாலாகப் பொறுக்கி அவள் தட்டில் வைப்பார். அப்புறம் மற்றவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்பது எப்படித் தெரியும்? இதுதான் அவள் கட்சி.

மேஜை சொல்லிவைக்கும்போது மட்டும் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். அதற்கு அக்காள் டாரியாவின் புருஷன் பெயரைக் கொடுத்துவந்தாள். லோவ்ரே கர்மேலிச் படகு எஞ்சின் மெக்கானிக். காசு கொடுத்து வெளியே சாப்பிடுவதை ஏதோ சீக்கு மாதிரி நினைப்பவர். ஆகவே எந்த ஹோட்டலிலும் அடிபடாத பெயர் அது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது லோவ்ரேவின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"முந்தாநாளு எங்க கல்யாண நாளு. உங்கக்கா நச்சரிச்சாளேன்னு கடலோரமா ஒரு ஹோட்டல்ல மேஜை சொல்லிட்டுப் போனேன். என்ன மரியாதைங்கறே மிரெலா. ஜன்னலோரமா இடம். கேக்காமலே ஒரு தட்டு நிறைய பாலாடைக்கட்டி. சமையக்காரரே வெளிய வந்து, மீன் பதமா இருக்கான்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறாரு."

"அன்னையிலேர்ந்து இவருக்குத் தலைகால் புரியல," என்றாள் டாரியா. "காலைல கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, 'எம் மூஞ்சியில ஒரு களை இருக்குல்ல'ங்கறாரு."

"இருக்கறதைத்தானே சொல்றேன்."

மிரெலாவின் வாயில் உருளைக்கிழங்கு அப்படியே நின்றது. "எந்த ஹோட்டல் அத்தான்?"

அவர் சொன்ன ஹோட்டலில் அவள் காலே வைத்ததில்லை. அப்படியிருந்தும் அவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கிறது என்றால், ஹோட்டல்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருக்கிறார்கள். கர்மேலிச் என்ற பெயரில் வந்துபோனால் அடுத்த வாரம் பத்திரிகையில் வரும் என்று ஊரே கண்டுபிடித்துவிட்டது. தான் புகழ்ந்து எழுதிய கணவாய், மெத்தென்ற ரொட்டி, சிரித்த முகத்தோடு வந்த பரிமாறுகிறவர்கள், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒளிந்துகொண்டிருப்பதாக நினைத்து இத்தனை நாளும் நடுத்தெருவில் நின்றிருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் டாரியா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ அந்த மரியாதை எனக்கில்லையா?" என்றார் லோவ்ரே.

"பேருக்கு, அத்தான். மன்னிச்சிருங்க. நாளையிலேர்ந்து வேற பேரு வச்சுக்கறேன்."

லோவ்ரே முள்கரண்டியைக் கீழே வைத்தார். "வேணாம். நீ இன்னும் போகாத ஹோட்டல்காரங்களுக்குப் பேரு மட்டும்தான் தெரியும். இப்போ மூஞ்சியும் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. அது எம் மூஞ்சி. நான் முன்னாடி போயி உக்காந்துக்கறேன். நீ ஏதாவது ஒரு பேரைச் சொல்லி மூலையில உக்காரு. என்னை மரியாதையில குளிப்பாட்டட்டும், உன்னை எப்படி நடத்தறாங்கன்னு நீ பாரு."

ஆசிரியரிடம் சொன்னபோது அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பில்லை மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. லோவ்ரே கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால் சமையலறைக் கதவு சும்மா இருக்காது. கழிவறைப் பக்கத்து மேஜையில் மிரெலா நேற்றைய ரொட்டியை மென்றுகொண்டு, ரப்பர் மாதிரியான கணவாயோடு மல்லுக்கட்டுவாள். அடுத்த வாரம் இரண்டு தட்டுகளின் கதையும், லோவ்ரேவே மூலைத் தட்டை எட்டிப் பார்த்து எழுதியதுபோல, பத்திரிகையில் வரும். ஊரில் அந்தக் கட்டுரைகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் இவ்வளவு உற்சாகமாக எழுதி வெகு நாளாகியிருந்தது.

கஷ்டமெல்லாம் டாரியாவுக்குத்தான். லோவ்ரே வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு சூப்பை நாக்கில் உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பூண்டு கொஞ்சம் முந்திக்குது" என்று ஒருநாள் சொன்னார்.

"நாளைக்கு நானும் முந்திக்கறேன், எங்கம்மா வீட்டுக்கு," என்றாள் டாரியா. அவர் மிச்சச் சூப்பை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அப்படிப் போய்வந்த இடங்களில் ஒன்று, வெலி வரோஷ் பகுதிச் சந்து ஒன்றில் பெரினா என்ற அம்மாள் நடத்துகிற சின்ன உணவகம். அங்கே இந்த வித்தை பலிக்கவில்லை. லோவ்ரேவுக்கும் மிரெலாவுக்கும் ஒரே பானையிலிருந்து ஒரே அளவு விழுந்தது. பஷ்டிச்சாடா: வினிகரில் ஊறிய மாட்டிறைச்சியை ஒயினும் உலர்ந்த ப்ளம்ஸும் சேர்த்து நாள்பூராவும் வேகவைத்தது. லோவ்ரே தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றார். மிரெலாவுக்கு இனிப்புத் திகட்டியது, பாதியை வைத்துவிட்டாள். "எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள், எல்லாருக்கும் ஒரே ஜாம்" என்று எழுதினாள். அந்த வரியை எழுதி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த மாதம், வேறொரு ஹோட்டல், மதியச் சாப்பாடு. கர்மேலிச் என்ற பெயரைக் கேட்டதுமே அந்த ஹோட்டல் முதலாளி பெரினாவுக்குத் தகவல் சொல்லிவிட்டிருந்தார்; அவளுக்கு உறவுக்காரர். லோவ்ரே மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது பெரினா உள்ளே வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"நீங்க தட்டை ரொட்டியால துடைச்சுச் சாப்பிட்டீங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

லோவ்ரேவின் காது சிவந்துவிட்டது. "ஆமாம்மா."

"பிடிச்சிருந்துச்சா இல்லையா?"

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"அப்புறம் ஜாம்னு ஏன் எழுதினீங்க? மீன் மார்க்கெட்ல என்னை இப்போ யாரும் பெரினான்னு கூப்பிடறதில்ல. 'வாங்க ஜாம், போங்க ஜாம்'ங்கறானுங்க. இந்த ஊர்ல ஒருதரம் ஒட்டின பேரு செத்தாலும் போகாது, உங்களுக்குத் தெரியாதா?"

லோவ்ரே மூலையைக் காட்டியிருக்கலாம். ஒரு விரல் போதும். அவர் மீனைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். ஏதோ எழுதிட்டேன். எம் மேலதான் தப்பு," என்றார்.

மூலை மேஜையில் மிரெலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அவளுக்காகச் சொல்கிறார். அவள் எழுதிய வார்த்தைக்கு அவர் தலையைக் குனிகிறார். எழுந்து போனால் இத்தனை வருஷம் கட்டிக்காத்தது அத்தனையும் போய்விடும். பரிமாறுகிற பையன்கள், முதலாளி, பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியிலிருந்த மேஜைத் துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"அவரு சும்மா சொல்றாரு. எழுதினது நான்."

பெரினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? அன்னைக்குத் தனியா வந்து பாதியை மிச்சம் வச்ச பொண்ணுதானே நீ. வயிறு சரியில்லையோன்னு உனக்கு மூலிகைத் தண்ணி போட்டுக் கொடுத்தேனே."

"ஆமா."

"காசுகூட வாங்கல. அதைப் பத்தி ஒரு வரி எழுதினியா?"

"இல்ல." உண்மையில் அது அவளுக்கு நினைவிலேயே இல்லை. இப்போதுதான் அந்தச் சூடான கோப்பை கைக்குள் இருந்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"இப்போ சொல்லு. எம் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. அது ஜாமா?"

மிரெலாவுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. "இனிப்புதான். ப்ளம்ஸ் ஜாஸ்தி. அதை மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா ஜாம்னு எழுதினது சிரிப்புக்காக. உங்களை நேரா பார்த்துச் சொல்ற மாதிரி இருந்தா அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டேன்."

"எங்க வீட்டுல அப்படித்தான் போடுவோம். உனக்காகக் குறைக்க மாட்டேன்."

"குறைக்க வேணாம்."

"எனக்கும் அப்படியேதான் வேணும்," என்றார் லோவ்ரே.

"நீங்க பேசாதீங்க," என்றார்கள் இருவரும்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த கட்டுரையின் கீழே மிரெலா முழுப்பெயரையும் போட்டாள். இனிப்பு என்பதை அப்படியே நிறுத்தி, ஜாம் என்றதற்கு மன்னிப்புக் கேட்டு, மூலிகைத் தண்ணீரைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். மார்க்கெட்காரர்கள் பத்திரிகை சொன்னதற்காகப் பட்டப்பெயரைக் கைவிடுகிற ஜாதியில்லை. பெரினா இன்றைக்கும் ஜாம்தான். ஆனால் சந்தில் எதிர்ப்பட்டால் மிரெலாவுக்குத் தலையசைப்பாள். கல்யாணக் கோட்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

தன் முகத்தோடு மிரெலா முதன்முதலாகப் போய் உட்கார்ந்தது துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில். கணவாய் மையில் வெந்த கறுப்புச் சோறு கேட்டாள். பரிமாறியவன் ஒரு மலையையே கொண்டுவந்து வைத்தான். சோற்றைவிடக் கணவாய்த் துண்டுகள் அதிகம். பக்கத்து மேஜையில் போலந்துக்காரர் ஒருவர் மனைவியோடு அதே சோற்றைச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் மிரெலா. "தட்டை மாத்திக்கலாமா?"

அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். மனைவி மிரெலாவின் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னாள். தட்டு மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது.

அதில் கணவாய் தேடவேண்டியிருந்தது. ஆனால் சோறு நன்றாக இருந்தது. உப்பும் பதமும் கச்சிதம். சமையற்காரருக்குக் கை இருக்கிறது, மனசுதான் கொஞ்சம் சுருக்கம் என்று எழுத வேண்டும், இதைவிட நயமாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் நாலு தலைகள் தெரிந்தன. போலந்துக்காரர் பல்லும் உதடும் கறுத்த வாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் வாயும் அப்படித்தான் இருந்திருக்கும், அவளும் சிரித்தாள்.