வளைவு மடுவின் மீன்

"விட்டுடாதே! கம்பத் தூக்கிப் பிடி!" கரையிலிருந்து புருஷன் அலறினான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றாள் மருமகள். ரீல் கிறீச்சிட்டுத் தூண்டில் நரம்பைக் கக்கியது. இழுக்கக் கூடாது. இழுத்தால் நரம்பின் முடி போன்ற நுனி பட்டென்று போய்விடும். ஓடவிட்டு, களைத்ததும் வாங்க வேண்டும்.

கடைசி விசில் எந்த நிமிடமும் ஊதலாம். கிளப்பின் தூண்டில் போட்டி அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். மாமியார் காலையிலேயே ஒரு டிரவுட் மீனை அளந்து கொடுத்தாயிற்று. அதைவிட நீளமாகப் பிடித்தால் இடம் மருமகளுக்கு. இல்லையென்றால் வழக்கம்போல மாமியாருக்கே.

கிளப்பில் மாமியாருக்குக் 'கொக்கு' என்று பெயர். மதியச் சாப்பாட்டின்போது எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: "வளைவு மடுவா? அங்க தூண்டில் போடறதும் பக்கெட்டுல போடறதும் ஒண்ணுதான். ஆத்துல மேல போங்க."

எல்லாரும் போனார்கள். மருமகள் மட்டும் போகவில்லை. போகச் சொன்னால் நிற்பது அவள் சுபாவம்.

சாயங்காலம் மடு முழுக்க மேஃப்ளை ஈக்கள் மிதந்தன. தண்ணீர் அங்கங்கே புடைத்து அடங்கியது. மிதக்கும் பொய் ஈயைக் கட்டி வீசினாள். எதுவும் சீண்டவில்லை. அப்புறம்தான் கவனித்தாள்: மீனின் முதுகு தெரிகிறது, வாய் தெரியவில்லை. மேலே மிதந்த ஈக்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. மீன் தின்பது சிறகு விரிக்க மேலேறி வரும் குஞ்சை, நிம்ஃபை! சட்டென்று ஈயை அறுத்துவிட்டு, பழுப்பு நூலில் சுற்றிய பொய் நிம்ஃபைக் கட்டினாள். ஒரு சாண் ஆழத்தில் மிதக்கவிட்டாள். நரம்பு ஒரு கணம் தயங்கியது. சுண்டினாள். முள் மாட்டியது.

இப்போது மாமியார் கரையோரமாக வந்தாள். "என்ன, கல்லு மாட்டிக்கிச்சா?"

"கல்லு ஓடுது அத்தை."

மாமியார் மகனை முறைத்தாள். "நீ யார் பக்கம்டா?"

"வலைப் பக்கம்மா," என்று அவன் கைவலையோடு தண்ணீரில் இறங்கினான்.

மூன்று முறை ஓடி, நான்காவது முறை மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வலைக்குள் வாங்கி, ஈரக் கையோடு அளவுகோலில் வைத்தான். மாமியாருடையதைவிட ஒரு விரல் நீளம். அப்போதுதான் விசில் ஊதியது.

"குடு, முள்ள நான் எடுக்கறேன்," மாமியார் அவசரமாகக் கை நீட்டினாள்.

"பரவால்ல அத்தை. என் மீனு."

மருமகள் மீனின் தாடையை மெல்லத் திறந்தாள். உதட்டில் அவளுடைய நிம்ஃப். அதற்குப் பக்கத்திலேயே, அறுந்த நரம்பு தொங்க, இன்னும் துருக்கூடப் பிடிக்காத வேறொரு நிம்ஃப். அதன் கழுத்தில் சிவப்பு நூல்.

கிளப்பில் அப்படிக் கட்டுவது கொக்கு ஒருத்திதான்.