குர்பானலிக்காக வாங்கிய டிவி

கூலாப் ஊர்ச் சந்தையில் டிவிக் கடைகள் இருக்கும் சந்தில் நான் தள்ளுவண்டி இழுக்கிறேன். பெரிய டிவியை டாக்ஸியில் படுக்கவைத்துக் கொண்டுபோனால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு என்னைப் போல ஒருவன் தேவை. அன்று கூப்பிட்டது எங்கள் தெரு தாஜிநிஸோ. கூடவே அவள் மருமகள் சவ்ரி.

டிவி வாங்கச் சொன்னது மாஸ்கோவில் இருக்கும் குர்பானலி. தாஜிநிஸோவுக்கு மகன், சவ்ரிக்குப் புருஷன். சின்ன மகள் தவழும்போது போனவன், அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் வரவில்லை. வாரா வாரம் போனில் முகம் காட்டுவான், மாதா மாதம் பணம் அனுப்புவான். "விருந்தாளி ரூம்ல நல்ல பெரிய டிவியா வாங்கி மாட்டு. நவ்ரூஸ் பண்டிகைக்கு வந்து, காலை நீட்டி உக்காந்து பாக்குறேன்" என்று சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் ஓட்டியவள் சவ்ரி. விருந்தாளி அறைக்கு அவளே சுண்ணாம்பு அடித்தாள். டிவி மாட்டுவதற்குச் சுவரில் துளை போட என்னிடம்தான் டிரில் கேட்டு வாங்கிப் போனாள். டிவி வந்தால் அவன் வருவான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

கடைக்காரன் ஹிக்மத் வாய்க்காரன். ஒரு சுவர் முழுக்க டிவிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்தியது.

"இதைப் பாருங்க அம்மா. மீனோட செதிலை எண்ணிடலாம்."

"நான் என்ன மீன் கடையா வெக்கப்போறேன்?" என்றாள் தாஜிநிஸோ.

சவ்ரி நடுத்தரமான ஒன்றின் முன்னால் நின்றாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள். "இது போதும் அம்மா. அவரு சுவர் ஓரமா சாஞ்சு உக்காருவாரு. அங்கேருந்து பாத்தா இதுவே நல்லாத் தெரியும்."

"அவன் எங்க உக்காருவான்னு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்றாள் மாமியார். கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "பொட்டைப்புள்ளைங்க ரெண்டைப் பெத்துப் போட்டவளுக்குச் சின்னது போதும். எனக்குப் பெருசு வேணும். எடுறா ஹிக்மத், அந்தக் கடைசியில இருக்கிறதை."

சவ்ரி தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒரு வார்த்தை அவருகிட்டயும் கேட்டுடலாமே" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டி வாங்கினாலும் ரஷ்யாவில் இருப்பவனுக்குப் போன் போட்டு, குட்டியின் பல்லைக் காட்டித்தான் வாங்குவார்கள். அதனால் யாருக்கும் இது புதிதில்லை. ஹிக்மத்துக்குத்தான் உற்சாகம் வந்தது. "போனை இந்த டிவியோட சேத்துவிடுறேன். உங்க மகனை இதுலேயே பாருங்க. அதுக்கப்புறம் வேற டிவியைப் பத்திப் பேசவே மாட்டீங்க" என்றான்.

சவ்ரியின் போன் மூலையில் விரிசல் விட்ட பழைய போன். அதில் குர்பானலி என்றால் ஒரு மூக்கு, ஒரு தொப்பி, அவ்வளவுதான். ஹிக்மத் அதில் எதையோ அமுக்கிவிட்டு அவள் கையிலேயே கொடுத்தான். மணி அடித்தது. கடைசி டிவியில் குர்பானலி ஆள் உயரத்துக்கு வந்து நின்றான்.

"அம்மா, எப்படி இருக்கே?"

"மகனே!" கிழவி கையைத் தூக்கினாள். "கடைக்குள்ளயே வந்துட்டியேடா!"

அவனுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது சவ்ரி பிடித்திருந்த போனில் விழுந்த தாயின் முகம் மட்டும்தான். தான் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. வழக்கம்போல அறையில் உட்கார்ந்து, கன்னத்தைச் சொறிந்துகொண்டு பேசினான்.

நானும் மாஸ்கோவில் சிமெண்ட் சுமந்தவன்தான். கட்டட வேலைக்காரன் தூங்கும் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுக்குக் கட்டில், சுவரில் ஆணி, ஆணியில் ஜாக்கெட். ஜன்னலுக்கு யாரும் பூப்போட்ட திரை மாட்டமாட்டார்கள். அவன் தலைக்குப் பின்னால் பூப்போட்ட திரை இருந்தது. அதற்குப் பக்கத்தில் கொடியில் பெண்கள் போடும் காலுறை காய்ந்தது. கதவோரம் உள்ளங்கை அளவில் இரண்டு பூட்ஸ். அதன் பட்டி அறுந்து ஊக்கு குத்தியிருந்ததுகூடத் தெரிந்தது. ஹிக்மத் சொன்னதில் பொய்யில்லை.

முதலில் பார்த்தது சவ்ரி. போன் பிடித்திருந்த அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

"ஒழுங்காப் பிடிடி. நான் அவனுக்குத் தெரியணும்" என்றாள் தாஜிநிஸோ. பிறகு அவளும் பார்த்தாள். "டேய், அது யாரு பூட்ஸ்?"

"எது? அது... கூட இருக்கிறவனோட—"

கூட இருப்பவன் என்ன குள்ளனா என்று யாரோ பின்னால் கேட்டார்கள். யாரும் சிரிப்பதற்குள் டிவித் திரையின் ஓரத்திலிருந்து ஒரு பொடியன் ஓடி வந்தான். கையில் தின்று முடிக்காத ரொட்டி. குர்பானலியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ரஷ்ய மொழியில் அப்பா என்று கூப்பிட்டான். எங்கள் சந்தையில் அந்தச் சொல் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

குர்பானலி போனைத் திருப்பப் பார்த்தான். தாஜிநிஸோ கத்தினாள். "திருப்பாதே! தூக்குடா அவனை. நல்லாக் காட்டு."

தூக்கினான். பிள்ளையின் முகம் திரை முழுக்க வந்தது. உதட்டோரம் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கு தெரிந்தது. ஒற்றைக் கன்னத்தில் குழி. குர்பானலிக்கும் அதே கன்னத்தில் குழி.

"ஆம்பளைப் புள்ளையா?"

"ஆமாம்மா."

"பேரு?"

"அப்பா பேருதான் வெச்சிருக்கேன். கலந்தர்."

கிழவி டிவியின் மேலேயே விழுந்தாள். இரண்டு கையாலும் அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் கன்னம் இருந்த இடத்தில் சத்தம் வர முத்தம் கொடுத்தாள். "என் புருஷன் பேரு அழியலை. என் வீட்டுக்கு ஆண்வாரிசு வந்துடுச்சு" என்று கடையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். சிலர் முபாரக் என்று வாழ்த்தினார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னார்கள் போலிருக்கிறது.

சவ்ரி போனைப் பிடித்தபடி நின்றாள். கீழே வைத்தால் அவனுக்குத் தாயின் முகம் தெரியாது. வைக்க அவளுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்காமல், அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நவ்ரூஸுக்கு வர்றீங்களா?"

அவன் தாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "இதுக்கு மேல மறைக்க என்ன இருக்கு? இங்க வேலை, புள்ளை, எல்லாம் இருக்கு. அதான் இவ்வளவு பெரிய டிவி வாங்குறீங்களே அம்மா, அதுலயே எங்களைப் பாத்துக்கலாம்."

"நீ எதுக்குடா அலையணும்?" என்றாள் தாஜிநிஸோ. "வந்து போற செலவுல அவனுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிப் போடு. ஊக்கு குத்தி வெச்சிருக்கே, புள்ளை காலைக் கிழிச்சிடும்."

ஹிக்மத் குடோனிலிருந்து சீல் உடைக்காத பெட்டி கொண்டுவரப் போனான். கிழவி விடவில்லை. "புதுசு வேணாம். என் பேரன் வந்தது இதுல. இதையே கழட்டு." கழற்றும்போது திரையில் அவள் உதடு பட்ட கறை பளிச்சென்று தெரிந்தது. ஹிக்மத் ஒரு துணியை நீட்டினான். தாஜிநிஸோ அதை வாங்கி மருமகளிடம் கொடுத்தாள். சவ்ரி துடைத்தாள். கோடு விழாமல், புதுச் சாமானைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தாள்.

மாமியார் டாக்ஸியில் போய்விட்டாள். சவ்ரி என் வண்டியோடு நடந்து வந்தாள். குழியில் இறங்கும்போதெல்லாம் டிவியை ஒரு கையால் தாங்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "உன் அண்ணன்கிட்ட சொல்லட்டுமா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அகா. அவன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான். பொண்ணுங்களை இவங்க விடமாட்டாங்க."

நான் வண்டியை இழுத்தேன்.

அவள் அடித்த சுண்ணாம்புச் சுவரில், அவள் போட்ட துளையில் நான்தான் டிவியை மாட்டினேன். பெண்பிள்ளைகள் இரண்டும் குதித்தன. "உங்க தம்பி இதுல வருவான், இருங்க" என்றாள் கிழவி. எந்தத் தம்பி என்று பெரியவள் கேட்டாள். சவ்ரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதுச் சாமான் வந்தால் தெருவுக்கு இனிப்பு கொடுப்பது எங்கள் வழக்கம். பேரன் பிறந்தாலும் அப்படித்தான். தாஜிநிஸோ பெரிய தட்டு நிறைய அல்வாவும் கற்கண்டும் அடுக்கினாள். "ரெண்டுக்கும் சேத்துன்னு சொல்லிக் குடு. மறக்காம ரெண்டையும் சொல்லணும்" என்று மருமகள் கையில் கொடுத்து அனுப்பினாள்.

சவ்ரி வீடு வீடாகப் போனாள். எங்கள் வாசலுக்கும் வந்தாள். தலைத்துணியை ஒழுங்காகக் கட்டியிருந்தாள்.

"டிவி வாங்கியிருக்கோம் அகா" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க வீட்டுல ஆம்பளைப் புள்ளையும் பொறந்திருக்கு."

தன் வீட்டு வாசலில் தாஜிநிஸோ இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு துண்டு அல்வா எடுத்துக்கொண்டு முபாரக் என்றேன்.