நூறு கோடியே ஏழு

கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. மகள் துண்டால் துடைத்தாள்.

"ரெண்டு நாளா இப்படித்தான். யார் மேல கோபமோ," என்றாள் அம்மா. இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகள் குனிந்தாள். "என்னப்பா?"

"இருபத்துமூணு. வகுபடுதும்மா. மீதியே இல்ல."

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே மனிதர் நூறு கோடியே ஏழைப் பிடித்துக்கொண்டார். ஒன்றையும் அதையும் விட்டால் வேறெதனாலும் வகுபடாத பகா எண்தானா அது என்று இரண்டு, மூன்று, ஐந்து என வரிசையாக வகுத்துப் பார்த்தார். முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வரை போனால் போதுமாம். அந்தப் 'போதும்' முடியப் பதினோரு வருடமும் நாற்பது நோட்டும் ஆயின. செல்போனில் ஒரு நொடி வேலை என்று மாப்பிள்ளை சொன்னபோது, "நீங்க தட்டுங்க மாப்ள, நான் போட்டுக்கறேன்," என்று சிரித்தார். எதனாலும் வகுபடவில்லை என்று முடித்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். படுக்கையில் விழுந்த பிறகு, சும்மா கிடப்பானேன் என்று முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்திருந்தார்.

இருபத்துமூன்று ஒன்பதாவது படி. அங்கேயே கோட்டை விட்டிருந்தால் மிச்சமெல்லாம் வெட்டி வேலை.

"அத்தனை வருஷமும் வீணா போச்சு," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

தலையணைக்கு அடியிலிருந்த சரிபார்ப்பு நோட்டை எடுத்தாள். இரண்டு முறை பார்த்தாள். வகுத்தது சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் முறை மேல் வரியில் விரல் வைத்து எண்ணினாள். ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் எட்டுச் சுழி இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது.

"அப்பா, ஒரு சுழி கூடப் போட்டிருக்கீங்க. இது ஆயிரம் கோடியே ஏழு."

அப்பா திரும்பினார். "நானா?"

"நீங்கதான்."

"என் மனசுக்காகச் சொல்லாத. போட்டுக் காட்டு."

பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் காத தூரம் ஓடியவள், வாய்விட்டுச் சொல்லியபடி வகுத்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மீதி நாலுப்பா."

"நாலா?" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். இரண்டு கரண்டி குடித்தார். "இன்னொரு தடவை படி."

"நூறுல நாலு தடவை, தொண்ணூத்திரெண்டு, மீதி எட்டு. எண்பதுல மூணு தடவை, அறுபத்தொம்பது, மீதி பதினொண்ணு..."

பாதியில் அம்மாவின் கை அவள் தோளில் விழுந்தது. அப்பாவின் மூச்சு நின்றிருந்தது. மகள் நோட்டை மூடப் போனாள்.

"முழுசா படிச்சுடு," என்றாள் அம்மா.

மகள் விட்ட இடத்தைத் தேடி விரல் வைத்தாள். "நூத்தித்தொண்ணூறுல எட்டு தடவை," என்று தொடர்ந்தாள்.