டாக்டர் காரின் நடுக்கம்

பல் டாக்டரின் கார் ஓடும்போது பரம சாது. சிக்னலில் நின்றால் போதும், கிடுகிடுவென்று ஆடும். போன வாரம்தான் என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டைப் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தாள் மெக்கானிக். அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டம்.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டாள். டாக்டரின் மகனும் அவளும் மூன்று வருடமாகப் பழகுகிறார்கள். "பொண்ணோட வேலையைப் பாத்துட்டு கல்யாணத்துக்குச் சரி சொல்றேன்" என்று மகனிடம் காரைக் கொடுத்தனுப்பியவர் டாக்டர். இப்போது மனிதர் பட்டறைக்கே வந்து, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். நான்கும் ஒரே நிறம். புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை நீட்டினாள். காற்று சீராக வந்தது. ஆக, என்ஜின் மேல் பழியில்லை. அதன் வழக்கமான துடிப்புதான் அப்படியே வண்டிக்கு இறங்குகிறது. அடியில் படுத்துப் பார்த்தாள். புது ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. தப்பு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, என்ஜினுக்கு முட்டுக்கொடுத்த ஜாக்கியை அகற்றி, என்ஜினை ஓடவிட்டு, அது தானாகத் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். அவளோ ஜாக்கி தாங்கியிருக்கும்போதே இறுக்கிவிட்டாள். எல்லாம் டாக்டர் பெற்ற பிள்ளையின் கைங்கரியம். டார்ச் பிடிக்கிறேன் என்று வந்தவன் வெளிச்சத்தை போல்ட்டில் காட்டாமல் அவள் முகத்திலேயே காட்டிக்கொண்டிருந்தான். இவளும் பல்லைக் காட்டிக்கொண்டே இறுக்கியிருக்கிறாள்.

ரப்பர் மட்டமான சரக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தாள்.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் தப்பா இறுக்கிட்டேன்."

அவள் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை ஸ்டார்ட் செய்தாள். என்ஜின் லேசாக நகர்ந்து, சோம்பல் முறித்து, அமர்ந்தது. ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

டாக்டர் எழுந்து வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தார்.

"என்னம்மா, வண்டியை அணைச்சுட்டியா?"

"ஓடிட்டுதான் இருக்கு சார்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "முப்பது வருஷமா பல் கட்டறேன். கட்டின பல் வலிக்குதுன்னு வந்தா, 'நீங்க சரியா கடிக்கல'ன்னு நோயாளி தலையிலயே போட்டுடுவேன். நீ என்னடான்னா பொசுக்குன்னு ஒத்துக்கறே!"

"இனிமே இப்படி ஆகாது சார்."

"இனிமே என்ன சார்? மாமான்னு கூப்பிடு."

சந்தோஷத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. "சரிங்க மாமா" என்றாள். சொன்ன வேகத்தில் வெட்கம் வந்து, கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.