இடுப்புவலிக்காரனின் பட்டம்

ஹாரிமா ஹெரன்ஸ் பேஸ்பால் அணி ஜூன் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே ஆறாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறே அணிகள் ஆடுகிற லீக் என்பதால்தான் அதற்கும் கீழே போகவில்லை. மேனேஜர் ஹிரூமா வசந்தகாலப் பயிற்சி முகாமில் ‘உயிரைக் கொடு’ என்று பெரிய தூரிகையால் எழுதி ஓய்வறைச் சுவரில் மாட்டியிருந்தார். ஆகஸ்டில் யாரோ அதன் மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள். அதை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஹிரூமாவுக்கும்தான்.

கேட்சர் நெமோதோ இந்தக் கூட்டத்தை மனதார வெறுத்தான். பந்தடிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் குந்திக் குந்தியே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவன் அவன். தோற்பதுகூட அவனுக்குப் பெரிதில்லை. தோற்ற பிறகு பேருந்தில் ஏறியதும் சீட்டுக்கட்டை எடுக்கிறார்களே, அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

அந்த அணியில் பேர் சொல்ல ஒருவன் இருந்தான் என்றால் அது குஜிராய். செப்டம்பர் முடியும்போது லீக்கின் அடிச் சராசரிப் பட்டியலில் மயிரிழை வித்தியாசத்தில் முதலிடம். பருவ முடிவில் அந்த இடத்தில் இருப்பவனுக்குத்தான் பட்டம். இரண்டாவது இடத்தில் நீகாத்தா அணியின் தொகாஷி. அந்த நிலைமை வந்த மறுநாளே குஜிராய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆடாதவனுக்குச் சராசரி இறங்காது. கடைசி ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்லி டீ குடித்துக்கொண்டிருந்தவன், குளியலறையில் மட்டும் உரக்கப் பாடினான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் அதே நீகாத்தா அணியோடு, சொந்த மைதானத்தில். ஆட்டத்துக்கு முன்னால் ஹிரூமா நெமோதோவைக் கூப்பிட்டார்.

“தொகாஷிக்கு ஒரு பந்துகூட அடிக்கிற மாதிரி போகக்கூடாது. எல்லாம் வெளியே. நடந்து போகட்டும்.”

“நாலு தடவையுமா சார்?”

“பத்து தடவை வந்தாலும்தான். இந்த வருஷம் நமக்குன்னு மிஞ்சுறது குஜிராயோட பட்டம் ஒண்ணுதான்.”

அந்தக் காலத்தில் நடுவரிடம் சைகை காட்டி ஒருவனை முதல் பேஸுக்கு அனுப்பிவிட முடியாது. நான்கு பந்துகள் எட்டாமல் வெளியே போனால்தான் பந்தடிப்பவன் அடிக்காமலே அங்கே நடந்து போவான்; அந்த நான்கையும் வீசித்தான் ஆகவேண்டும். கேட்சர் எழுந்து, ஒரு பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு, அத்தனை ஆயிரம் பேர் பார்க்க நிற்கவேண்டும். அப்படி நடந்து போவது சராசரிக் கணக்கில் ஏறாது.

முதல் சுற்றில் தொகாஷி வந்தான். பள்ளிக்கூட அணியில் நெமோதோவுக்கு இரண்டு வருஷம் இளையவன், அவனுடைய காலுறையைத் துவைத்துப் போட்டவன். நெமோதோ எழுந்து நின்றதைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“என்னண்ணே, டாக்ஸிக்குக் கை காட்டறீங்களா?”

நெமோதோ கையை இன்னும் நீட்டினான். நான்கு பந்துகள். தொகாஷி மட்டையைப் போட்டுவிட்டு நடந்தான். மூன்றாவது சுற்றிலும் ஆறாவது சுற்றிலும் அதேதான். ஹாரிமாவின் சொந்த ரசிகர்களே கூச்சல் போட ஆரம்பித்தார்கள். வலப்பக்கப் பார்வையாளர் வரிசையில் தொண்டை கிழியக் கத்தும் உற்சாகக் குழு ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டது. பிளாஸ்டிக் மெகாஃபோன்கள் மைதானத்தில் வந்து விழுந்தன. “காசு குடுத்துட்டு இதைப் பார்க்கவா வந்தோம்?” என்று ஒருவர் கத்தியது பெஞ்சு வரை கேட்டது. குஜிராய் சூயிங்கத்தை மென்றபடி ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாவது சுற்றில் தொகாஷி கடைசி முறையாக வந்தான். நெமோதோ எழுந்தான். பிட்சர் சக்குமா வெளியே வீசினான். ஒரு ஆள் தள்ளிப் போகிற அந்தப் பந்துக்குத் தொகாஷி வேண்டுமென்றே மட்டையைச் சுழற்றினான். ஸ்ட்ரைக். இரண்டாவது பந்துக்கும் அப்படியே காற்றை அடித்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இன்னொரு முறை இப்படிச் சுழற்றினால் பட்டம் குஜிராய்க்கு. மெகாஃபோன் எறிந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

“என்னடா பண்றே?” என்றான் நெமோதோ.

“பட்டத்தை அவனுக்கே குடுத்துடறேன்ணே. பிச்சை போட்டதா இருக்கட்டும். நீங்க கொண்டுபோய்க் குடுத்துடுங்க, நல்லா கை நீட்டப் பழகிட்டீங்களே.”

நெமோதோவுக்குக் காது சூடாகியது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க முடியவில்லை. நீட்டிய கையை மடக்கினான். பிறகு முழங்கால் நறநறக்கக் குந்தினான்.

“வாயை மூடிட்டு ஆடு,” என்றான். “தோத்தா ஆடித் தோத்துட்டுப் போ.”

உள்பக்கம், தாழ்வாக, வேகமான பந்து என்று விரலைக் காட்டினான். சக்குமா கண்ணை விரித்துப் பெஞ்சைப் பார்த்தான், பிறகு நெமோதோவைப் பார்த்தான். ஹிரூமா படியேறி வந்து ஏதோ கத்துவதற்குள் பந்து கிளம்பிவிட்டது. அந்தப் பருவத்திலேயே சக்குமா வீசிய மிக நல்ல பந்து அதுதான். தொகாஷி அதை இடப்பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையே அடித்து, இரண்டாவது பேஸில் போய் நின்றான். ஸ்கோர் பலகையில் பெயர்கள் இடம் மாறின. ஹாரிமா ரசிகர்கள் எழுந்து நின்று எதிரணிக்காரனுக்குக் கைதட்டினார்கள்.

ஹாரிமாவின் கடைசிச் சுற்று, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர்தான் பாக்கி. இப்போது ஒரு அடி அடித்தால்தான் குஜிராய் மீண்டும் முதலிடம் பிடிக்க முடியும்.

“குஜிராய், போ,” என்றார் ஹிரூமா.

“சார், இடுப்பு...”

“இடுப்பு எந்த லட்சணத்துல இருக்குன்னு எனக்கும் தெரியும். போ.”

குஜிராய் மேலங்கியைக் கழற்றவே வெகுநேரம் எடுத்துக்கொண்டான். ஒரு வாரமாக மட்டை பிடிக்காத கை. முதல் பந்துக்கே அவசரப்பட்டுச் சுழற்றினான். பந்து நேராக மேலே எழும்பியது. நீகாத்தாவின் கேட்சர் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டடி நகர்ந்து அதைப் பிடித்துக்கொண்டான். அதோடு ஆட்டமும் பருவமும் முடிந்தன.

மறுநாள் காலை அணி அலுவலகத்துக்கு வரச்சொல்லி நெமோதோவுக்கு ஃபோன் வந்தது. எதற்கென்று தெரிந்து, கோட்டு போட்டு, டை கட்டிக்கொண்டுதான் போனான். அடுத்த வருஷத் திட்டத்தில் அவன் இல்லை என்றார் ஹிரூமா. மேலே பார்த்துக்கொண்டு, “அணியோட ஒற்றுமைதான் முக்கியம்,” என்று சேர்த்துச் சொன்னார்.

“ஒற்றுமையாத்தானே சார் ஆறாவதா வந்தோம்,” என்றான் நெமோதோ. “அதுல என்னால ஒரு குறையும் வரலையே.”

நடைபாதையில் குஜிராய் எதிரே வந்தான். விறுவிறுவென்றுதான் வந்தான்.

“உன்னாலதான் என் பட்டம் போச்சு.”

“உனக்காக மூணு தடவை ஊர் சிரிக்க நின்னேன். நீ ஒரு தடவை நின்னே, ஒரு பந்து. அதையும் கேட்சர் தலைக்கு மேல தூக்கிக் குடுத்தே.”

குஜிராய் வாயைத் திறந்தான். நெமோதோ காத்திருக்கவில்லை. படியிறங்கி, ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, பெரிய கிண்ணம் உதோன் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டான். மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டான். அடுத்த மேசையில் இரண்டு பேர், ஹிரூமாவே அடுத்த வருஷமும் மேனேஜராக நீடிப்பார் என்று பத்திரிகையில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வேற எவன் வருவான் அங்கே?” என்றார் ஒருவர்.

நெமோதோ இன்னொரு கிண்ணம் கேட்டான்.