மேற்கே பார்த்த கண்ணாடி

ஓவர்சியர் இருதயநாதன் நிலக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே பூ விவசாயிகள் சங்கத்தின் புது ஆபீஸ் பளபளவென்று நின்றது. அவர் போட்ட பிளான். ரோட்டைப் பார்த்து மேற்கே முழுக்கக் கண்ணாடி, மேலே தட்டைக் கான்கிரீட். இதே மாதிரி ஒன்றை ஆத்தூரில் கட்டலாமா என்று பார்க்க, அந்த ஊர்ச் சங்கத் தலைவர் மொக்கைச்சாமி இன்று வருகிறார். அந்த வேலை கிடைத்துவிட்டால் திண்டுக்கல்லில் சொந்தமாக போர்டு மாட்டிவிடலாம்.

ஆனால் தராசு, பூ மூட்டைகள், கணக்கர் மேஜை எல்லாம் எதிர்ப்புறப் புளியமரத்தடியில் கிடந்தன. கூட்டமும் அங்கேதான். அவரைக் கண்டதும் நிலக்கோட்டைச் சங்கத் தலைவர் பெரியகருப்பன் துண்டை உதறி எழுந்தார்.

"ஏலே, கட்டுனவரு வந்துட்டாரு! அம்புட்டையும் உள்ள தூக்குங்கடா!"

அடுத்த நிமிடம் மரத்தடி காலி. கட்டிடம் கட்டியவர் வந்தால் அதற்குள்தான் உட்கார வைக்க வேண்டும், அவராகச் சொல்லாதவரை அவர் காதுபட ஒரு குறை சொல்லக் கூடாது. அந்தப் பக்கத்து மரியாதை அப்படி. மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா!

உள்ளே காலை வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது. வெயில் கண்ணாடி வழியே வந்து தரை முழுக்கப் படுத்திருந்தது. அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது. திறந்தால் அழகு கெடும் என்று சொன்னவர் இவர்தான். ரெக்சின் நாற்காலி தொடையைச் சுட்டது. மின்விசிறிகள் மாய்ந்து மாய்ந்து சுற்றி, கான்கிரீட்டின் சூட்டை எல்லோர் தலையிலும் இறக்கிக்கொண்டிருந்தன.

படித்த படிப்பு மறந்தா போயிற்று? மேற்கே கெட்டிச் சுவர், சுற்றித் தாழ்வாரம், மேலே ஓடு, உயரத்தில் காற்றுக்கு வழி. முதலில் அவர் வரைந்தது அதைத்தான். நடுவில் மெட்ராஸுக்குப் போய் மவுண்ட் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தைப் பார்த்துத் தொலைத்தார். பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. உள்ளே உட்காரப் போகிறவர்களை அவர் நினைக்கவே இல்லை.

அரை மணி கழித்து, கண்ணம்மாள் என்ற பூத்தோட்டக்காரி தன் மூட்டையின் ஈரத்துணியை விலக்கினாள். துணி அதற்குள் காய்ந்திருந்தது. சாயங்கால பஸ்ஸில் போக வேண்டிய மல்லிகை மொட்டுகள் ஓரம் பழுத்து வாடத் தொடங்கியிருந்தன.

"மரத்தடியிலயே வச்சிருக்கலாமேம்மா" என்றார் இருதயநாதன் மெல்ல.

"அதெப்படி சார்? நீங்கல்ல வந்திருக்கீக!"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

மொக்கைச்சாமி வந்து சேர்ந்தார். கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "ராசா மாளிகை கெணக்கா இருக்கே!" என்றவர், கண்ணம்மாள் பக்கம் திரும்பினார். "ஏத்தா, உள்ள பூவு வாடாம நிக்குதா?"

கண்ணம்மாள் ஓவர்சியரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் நெற்றி வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது.

"குளுகுளுன்னு இருக்குங்க" என்றாள்.

இருதயநாதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு நாள் உழைப்பைக் கண்ணெதிரே வாட விட்டுவிட்டு, அவருடைய மானத்துக்காக ஒருத்தி பொய் சொல்கிறாள். அந்த மானம் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்தம்மா எனக்காகச் சொல்றாக" என்று எழுந்தார். "இதுக்குள்ள மனுசனும் இருக்க முடியாது, பூவும் நிக்காது. தெரிஞ்சேதான் பகட்டுக்குக் கட்டினேன். ஆத்தூர்ல இப்படிக் கட்டாதீங்க."

பெரியகருப்பன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் ஊதிக்கொண்டார்.

"உங்க வாயாலயே சொல்லிப்புட்டீக. அப்ப நாங்க வெளிய போகலாமா, சார்?"

பதிலுக்குக் காத்திராமல் கூட்டம் மூட்டைகளைத் தூக்கியது. இருதயநாதன் ஓடிப்போய்க் கண்ணம்மாள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். ஓவர்சியர் சுமக்கிறாரே என்று ஒருவரும் தடுக்கவில்லை.