தரையில் பட்ட பந்து

ஜீவானந்தம் மாநில அணிக்காகப் பதினோரு ஆட்டங்களில் விக்கெட் கீப்பராக நின்றவர். முடிச்சூரில் அவர் நடத்தும் பயிற்சி மையத்தின் பேனரைப் பார்த்தால் நூற்றுப் பத்து ஆட்டம் ஆடியவர் போலத் தோன்றும். பேனரில் பாதி அவருடைய முகம். மீதி ‘நேர்மையே ஆட்டம்’ என்ற வாசகம்.

அந்த நேர்மையை முனீர் பக்கத்தில் நின்று பார்த்தவன். பதினெட்டு வருடங்களுக்கு முன், மாநில அணித் தேர்வுக்கான ஆட்டத்தில் அவன் நாற்பத்தாறு ரன் எடுத்திருந்தான். மட்டையில் உரசிய பந்து தரையில் குத்தி எழும்பித்தான் ஜீவானந்தத்தின் கையுறைக்குள் போனது. அவரோ லாட்டரி விழுந்தவர்போலக் கத்தினார். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார்.

“அண்ணா, தரையில பட்டுச்சே?”

“வூட்டுக்குப் போய் அழு.”

அதன்பிறகு முனீரை யாரும் கூப்பிடவில்லை. தேர்வான ஜீவானந்தம் பதினோரு ஆட்டங்களில் ஒன்பது கேட்ச்சுகளைக் கோட்டைவிட்டு, போன வேகத்தில் திரும்பினார். அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கோச் வேலை.

முனீர் பொழிச்சலூரில் ஏசி மெக்கானிக் ஆனான். கிரிக்கெட்டை விட மனமில்லாமல் தேர்வெழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயராகவும் நின்றான்.

போன ஜூனில் கிழக்குத் தாம்பரத்தில் லீக் அரையிறுதி. ஜீவானந்தத்தின் அணி பந்துவீசியது. எதிரணிக்கு நான்கு ரன் தேவை. ஒரு விக்கெட்தான் மிச்சம். மட்டையில் உரசிய பந்தைக் கீப்பர் எழில் முன்னால் பாய்ந்து அள்ளினான். எழிலுக்கு இருபத்து நான்கு வயது, வங்கியில் வேலை. அணியே குதித்தது. பந்துவீசியவன் குறுக்கே வந்ததால், அம்பயராக நின்ற முனீருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஸ்கொயர் லெக் அம்பயரும் உதட்டைப் பிதுக்கினார்.

“கேட்ச்சா எழில்?”

“இல்ல சார். குத்தி வந்துச்சு.”

முனீர் நாட் அவுட் என்றான். அடுத்த பந்து பவுண்டரிக்குப் போனது. ஆட்டமும் போனது.

ஜீவானந்தம் மூச்சிரைக்க எழிலிடம் ஓடிவந்தார். “அவன் கேட்டா நீ சொல்லிடுவியா? உன் வேல அப்பீல் பண்றது!”

“நேர்மைன்னு பேனர்ல போட்டிருக்கீங்களே சார்?”

“அது பேரன்ட்ஸ் பாக்கறதுக்குடா!” என்றவர், முனீர் பக்கம் திரும்பினார். “எந்தப் பழசையோ வெச்சுகினு பழி தீத்துட்ட, இல்ல?”

“பழசு இன்னா பழசு? நீங்களே சொல்லுங்க. அன்னிக்குப் பந்து தரையில பட்டுச்சா, இல்லியா?”

ஜீவானந்தம் நெற்றியைச் சுருக்கினார். நடிப்பில்லை; உண்மையாகவே யோசித்தார்.

“எந்த மேட்ச்சுயா? யாருக்கு ஞாபகம் கீது?”

அந்த ஆள் ஒருநாளாவது தூக்கம் கெட்டிருப்பார் என்று பதினெட்டு வருடமாக நம்பியிருந்தான் முனீர். திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தான். எதிரே தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வெறுப்பதற்குக்கூட லாயக்கில்லாத ஒருவனுக்காகவா இத்தனை வருடத்தை வீணடித்தோம்? ஸ்டம்புகளைப் பிடுங்கப் போனான்.

ஜீவானந்தம் அவன்மீது புகார் எழுதினார். எழில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் புகார் நிற்கவில்லை. அந்த வாரமே எழிலை அணியிலிருந்து நீக்கினார். அவன் குரோம்பேட்டை அணி ஒன்றில் சேர்ந்து, இப்போது அதற்குக் கேப்டன்.

ஜீவானந்தம் புதுக் கீப்பரைப் பிடித்துவிட்டார். பந்து அவன் கையில் நிற்பதில்லை. குரல் மட்டும் பம்மல்வரை கேட்கும். கோச்சுக்கு அவனை ரொம்பப் பிடித்திருக்கிறது.